கண்டியிலிருந்து அச்சிமோட்டா வரை: அதிபர் பிரேசரின் கதை

போருக்கு முன்னர் வடக்கில் ஏ9 என்ற பெயரை யாரும் அதிகம் சொன்னதில்லை. அது கண்டி வீதி. சாவகச்சேரியிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிரதான வீதிக்கு அதுதான் பெயர். பிறகு அந்த வீதி மூடப்பட்டது, திறக்கப்பட்டது, மறுபடியும் மூடப்பட்டது. ஓமந்தையும் முகமாலையும் எங்கள் வாழ்க்கையின் சொற்களாகின. வீதியின் பெயரிலுள்ள கண்டியைப் பற்றி நினைக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

அந்த வீதி கண்டி நகரிலிருந்துதான் புறப்படுகிறது. வடக்கு நோக்கி கட்டுகஸ்தோட்டைக்குப் போகும்போது மகாவலியைக் கடக்க வேண்டும். புத்தளத்திலிருந்தும் குருநாகலிலிருந்தும் கலகெதர ஏற்றத்தால் வரும் ஏ10 வீதியும் அங்கேதான் வந்து சேருகிறது. இந்தச் சந்திக்கும் தலதா மாளிகைக்கும் இடைப்பட்ட சிறிய நிலப்பரப்பில் இலங்கையின் பழைய விடுதிப் பாடசாலைகள் பல நெருக்கமாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று திரித்துவக் கல்லூரி. டிரினிட்டி என்றால்தான் பலருக்கும் தெரியும். 1904 முதல் 1924 வரை அதன் அதிபராக இருந்தவர் அலெக் கார்டன் பிரேசர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர்.

டிரினிட்டியின் வரலாற்றில் அவர் பெரிய பெயர். ஆபிரிக்கக் கல்வி வரலாற்றில் அதைவிடப் பெரிய பெயர். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. இந்த நாட்டை ஐம்பதுகளில் இரண்டாகப் பிளந்த கேள்வியை, அதாவது பிள்ளை எந்த மொழியில் படிப்பது, யாருக்குப் பக்கத்தில் இருந்து படிப்பது என்ற கேள்வியை, அவர் அரை நூற்றாண்டு முன்னரே ஒரு பாடசாலைக்குள் எதிர்கொண்டார்.

பிரேசர் 1873 ஒக்டோபரில் பிறந்தார். தந்தை சேர் அன்ட்ரூ பிரேசர் இந்திய சிவில் சேவை அதிகாரி. 1903இல் வங்காளத்தின் துணை ஆளுநராக உயர்ந்தவர். 1905இல் கேர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தபோது அந்த மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்தவர் இவரே. பிரிவினையின் மீது எழுந்த கோபம் அவரைத் தேடி வந்தது. 1907 டிசம்பரில் நாராயண்கர் அருகே அவர் பயணித்த ரயிலின் கீழ் குண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞன் அவரைச் சுட முயன்றான். இரண்டு தடவையும் தப்பினார்.

தந்தை கல்கத்தாவில் குண்டுகளுக்குத் தப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மகன் கண்டியில் சிங்களப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் தங்கள் தாய்மொழியைப் படித்தே ஆக வேண்டும் என்று பெற்றோருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டிலிருந்து, ஒரே பேரரசின் நிழலில், இரண்டு விதமான வேலைகள். மகன் பேரரசுக்கு எதிரானவர் என்று சொல்ல வரவில்லை. அவர் எதிரானவர் அல்லர். பேரரசு நீடிக்கும் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். ஆனால் ஆளப்படுபவர்களின் மொழியை அவர் ஓர் ஆபத்தாகப் பார்க்கவில்லை என்பது முக்கியம்.

எடின்பரோவில் மேர்கிஸ்டன் பாடசாலை, பிறகு ஒக்ஸ்ஃபோர்ட்டில் டிரினிட்டி கல்லூரி. படிப்பு முடிந்ததும் சி.எம்.எஸ். எனப்படும் திருச்சபை மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்து 1900இல் உகண்டாவுக்குப் போனார். மனைவி பியற்றிஸும் உடன் சென்றார். அங்கே சில ஆண்டுகளே இருக்க முடிந்தது. இருந்தாலும் அவருடைய கல்விச் சிந்தனை ஆபிரிக்காவில்தான் தொடங்கியது. கண்டி அவருக்கு இரண்டாவது ஊர்.

குடும்பத் தொடர்பு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரேசரின் சகோதரி மேரியை மணந்தவர் ஜே.எச். ஓல்டம். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டின் செயலாளர் அவர். பின்னாட்களில் ஆபிரிக்கக் கல்வி குறித்து பிரித்தானிய காலனி அமைச்சுக்கு ஆலோசனை சொன்ன முக்கிய மனிதரும் அவரே. கண்டியில் ஒரு மலைச்சரிவில் இருந்த பாடசாலை உலகத் தொடர்புகளைப் பெற்றதற்கு இந்த மைத்துனர் உறவு ஒரு பெரிய காரணம். இத்தனை பெரிய விடயங்களும் சில வேளைகளில் கலியாண உறவில்தான் தொங்குகின்றன. எங்கள் ஊரிலும் அப்படித்தானே.

பிரேசர் வந்தபோது டிரினிட்டி புதிய பாடசாலை அல்ல. 1857இல் அயர்லண்ட் ஜோன்ஸ் பாதிரியார் கண்டியில் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். அது இடையில் மூடப்பட்டு, 1872இல் ரிச்சர்ட் கொலின்ஸ் பாதிரியாரால் மீண்டும் திறக்கப்பட்டு, டிரினிட்டி என்ற பெயரைப் பெற்றது. கண்டி அக்காலத்தில் தோட்டப் பொருளாதாரத்தின் தலைநகரம். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலம். துரைமார், கங்காணிமார், கிளார்க்குமார், வழக்கறிஞர், கண்டியப் பிரபுக்கள், பறங்கியர், கடைவீதியில் முஸ்லிம்களும் செட்டிமாரும். யாழ்ப்பாணத்திலிருந்து அரச உத்தியோகத்துக்கு வந்த குடும்பங்களும் இருந்தன. ஆங்கிலம் தெரிந்தால் உத்தியோகம். ஆகவே ஆங்கிலப் பாடசாலை.

அந்தப் பாடசாலையில் அவர் கண்டது, ஆங்கிலம் ஓரளவு தெரிந்த, தன் தாய் பேசும் மொழியை எழுதவோ வாசிக்கவோ தெரியாத பிள்ளைகளை. ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்த ஒரு வெள்ளைக்காரருக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். பிரேசருக்கு அது தோல்வியாகப் பட்டது. சொந்த ஊரவரோடு பேச முடியாத ஒருவன் அந்த ஊருக்கு எப்படித் தலைமை தாங்குவான் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். அதற்கு எதிர்ப்பு வந்தது ஆச்சரியமல்ல. மாதாமாதம் கட்டணம் கட்டுகிற தகப்பனுக்கு மகன் வீட்டில் பேசுகிற பாஷையை விடுதியில் காசு கொடுத்துப் படிப்பிக்க வேண்டிய தேவை என்ன? இந்தத் தகப்பனை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. இன்றைக்கும் கொழும்பில், லண்டனில், ரொறொன்ரோவில் அதே கேள்வியைக் கேட்கிற பெற்றோர் நாங்கள்.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிரேசர் செய்தது தாய்மொழியை ஒரு பாடமாக எல்லோருக்கும் வைத்தது. வகுப்பறையை மொழிவாரியாகப் பிரித்தது அல்ல. சிங்களப் பையனும் தமிழ்ப் பையனும் தத்தம் மொழிப் பாடத்துக்குப் பிரிந்து போய், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே மேசைக்குத் திரும்பி வந்தார்கள். பின்னாட்களில் சுயபாஷைக் கல்வி நாடெங்கும் வந்தபோது, அது நியாயமான கோரிக்கையாகவே வந்தது. ஆங்கிலம் தெரிந்த சிறுபான்மைக்கு மட்டுமே இருந்த கதவை அது ஏழைகளுக்குத் திறந்தது. ஆனால் அது வந்த விதத்தில் பிள்ளைகள் இரண்டு மொழிமூலங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, நீ எந்த மொழியில் பரீட்சை எழுதினாய் என்பதே பல்கலைக்கழகத்துக்கு நீ எத்தனை புள்ளி எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. அந்தப் புள்ளிகளில் தொடங்கிய கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கலகெதர போன்ற ஒரு சிறிய மலைநாட்டு நகரத்தில் இன்று நின்று பார்த்தால் இது விளங்கும். காலையில் ஒரே பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகள் வெவ்வேறு வாசல்களுக்குப் போகிறார்கள். சிங்கள மொழிமூலத்துக்கு ஒரு வாசல். முஸ்லிம் பிள்ளைகள் ஜப்பார் மத்திய கல்லூரிக்கு. கடைவீதியில் எல்லோரும் ஒன்றாகவே சாமான் வாங்குகிறார்கள். வகுப்பறையில் மட்டும் சந்திப்பதில்லை.

விடுதிக்கு வருவோம். பிரேசரின் பாடசாலையில் பாடத்தைவிட விடுதியே மையம் என்று சொன்னால் மிகையாகாது. கண்டியப் பிரபுவின் மகனும், கரையோரச் சிங்களவரின் மகனும், யாழ்ப்பாணத்துக் கிளார்க்கின் மகனும், பறங்கியரின் மகனும், முஸ்லிம் வியாபாரியின் மகனும் ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டார்கள். கண்டியர், கரையோரத்தவர் என்ற பிளவு அந்தக் காலத்தில் எவ்வளவு ஆழமானது என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம். ஒரே மேசையில் உட்காருவது என்பது அக்காலத்தில் சிறிய காரியமில்லை.

யாழ்ப்பாணத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை ஆரம்பித்தது 1823இல். அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை. கல்வியின் தரத்திலும் உலகத் தொடர்பிலும் அவை டிரினிட்டிக்கு மிகவும் மூத்தவை. ஆனால் சாப்பாட்டுப் பந்தி என்று வந்தபோது சாதி குறுக்கே நின்றது. மிஷனரிமார் பல இடங்களில் விட்டுக்கொடுத்தார்கள். இருபதுகளின் இறுதியில் பாடசாலைகளில் சம ஆசனம் என்று அரசு உத்தரவிட்டபோது, குடாநாட்டில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வெளியாட்கள் அல்லர். பாடசாலை எரிந்த வரலாற்றை நாம் பேசும்போது இந்தத் தீயையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிரேசர் விளையாட்டை ஒரு கல்விக் கருவியாகப் பார்த்தார். டிரினிட்டியில் றக்பி தொடங்கியது அவருடைய காலத்தில், 1906இல். அஸ்கிரிய மைதானமும் அவர் காலத்து வேலை. கண்டியில் சமதரை கிடையாது. ஒரு மலைச்சரிவை வெட்டி, மண்ணை நிரவி, ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய தளம் அது. 1915இல் அங்கே விளையாட்டு ஆரம்பித்தது. 1983 ஏப்ரலில் அதே மைதானத்தில் அவுஸ்திரேலியாவுடன் டெஸ்ட் போட்டி நடந்தது. மூன்று மாதம் கழித்து ஜூலை வந்தது. 2004இல் முத்தையா முரளிதரன் தன் ஐந்நூறாவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்ததும் அஸ்கிரியவில்தான். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த மலையகத் தமிழ்ப் பையன் அவர். 1977 கலவரத்தில் அவருடைய குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டது. கண்டியில் ஒரு மைதானத்தின் கதையைச் சொன்னாலும் இவை எல்லாம் வந்துவிடுகின்றன. தவிர்க்க முடியவில்லை.

விடுதிக்கு வெளியேயும் பையன்களை அனுப்பினார் பிரேசர். சமூக சேவைக்கென மாணவர் ஒன்றியம் ஒன்று உருவாகி, கண்டியின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் மாணவர்கள் போகத் தொடங்கினார்கள். வேலைக்காரர் சுற்றிநிற்க வளர்ந்த பிள்ளைகள் நகரத்தின் குப்பைப் பக்கத்தைப் பார்த்தார்கள். தர்மம் கொடுப்பதற்காக மட்டும் அல்ல, அங்கே மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிவதற்காகவும். இன்று தொண்டு நிறுவனங்கள் கணக்கெடுப்பு என்று சொல்லிச் செய்வதன் ஆரம்ப வடிவம்.

ஆசிரியர்களைத் தேர்வதிலும் அவருக்கு ஒரு கண் இருந்தது. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை மலிவான சம்பளத்துக்கு மலையேற வைத்தார். துணை அதிபராக இருந்த வோல்டர் சீனியர் ஒரு கவிஞர். கல்லூரிக் கீதம் அவர் எழுதியது. விஞ்ஞானம் கற்பித்த நோர்மன் கம்பல் முதல் உலகப் போரில் கொல்லப்பட்டார். அந்தப் போருக்கு டிரினிட்டியிலிருந்து மாணவர்களும் போனார்கள். காயத்துடன் திரும்பியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் அலுவிகாரை. பின்னாளில் இலங்கையர்களில் முதலாவது பொலிஸ் மா அதிபர் ஆனவர். பாடசாலையில் அந்தப் போரின் ஞாபகமாக ஒரு பீரங்கி வைக்கப்பட்டிருக்கிறது. பாடசாலை வளவில் பீரங்கி என்றால் எங்கள் தலைமுறைக்கு வேறு படம் மனதில் வரும். அவர்களுக்கு அது வெற்றிச் சின்னம்.

அந்தக் காலத்துக் கண்டி ஒரு வேடிக்கையான ஊர். டிரினிட்டியின் அதிபர் ஸ்கொட்லாந்துக்காரர். கிங்ஸ்வூட் கல்லூரியை 1891இல் நிறுவி நடத்தியவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர், டிரினிட்டியின் பழைய மாணவர். பௌத்தர்களுக்காக ஒல்கொட்டின் பிரம்மஞானச் சங்கம் 1887இல் ஆரம்பித்த தர்மராஜ கல்லூரியின் அதிபர் கே.எஃப். பிலிமோரியா. அவர் இந்தியாவிலிருந்து வந்த பார்சி. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த மூவரும் ஒரே சிறு நகரத்தில் ஒரே நேரத்தில் அதிபர்களாக இருந்தார்கள். பௌத்தப் பாடசாலையைப் பார்சி நடத்துவதில் யாருக்கும் அன்று பெரிய பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை. இன்று ஒரு தேசியப் பாடசாலைக்கு அதிபர் நியமிக்கும்போது என்னென்ன பார்க்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

1919இல் பிரேசருக்கு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. இந்தியக் கிராமக் கல்வியை ஆராயும் மிஷன் ஆணைக்குழு ஒன்றுக்கு அவர் தலைவரானார். அந்தக் குழுவில் இருந்த கே.டி. பால் சேலத்தில் பிறந்த தமிழர். இந்திய வை.எம்.சி.ஏ.யின் முதலாவது இந்தியத் தேசியப் பொதுச் செயலாளர். 1920இல் வந்த அறிக்கை கிராமத்துப் பிள்ளைக்கு வேண்டிய கல்வியைக் கிராமத்தின் வேலையிலும் மொழியிலும் இருந்து தொடங்கிப் பேசியது. பிரபுக்களின் மகன்களுக்கு றக்பி சொல்லிக்கொடுத்த அதிபர், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் படிக்கும் ஒற்றை அறைப் பள்ளிகளைத் தேடி இந்தியாவில் அலைந்தார். அவருடைய வாழ்க்கையில் இது ஒரு திருப்பம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை இங்கே கேட்காமல் போக முடியாது. இந்தியக் கிராமங்களைப் பார்க்கப் போன அதிபரின் சொந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது? கண்டியைச் சுற்றிய மலைகளெல்லாம் தேயிலை. தேயிலைக்குள் லயங்கள். லயங்களுக்குள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இலட்சக்கணக்கான தொழிலாளர். பிரேசரின் சி.எம்.எஸ். அமைப்பே 1850களின் நடுவில் இருந்து இந்தத் தொழிலாளரிடையே தமிழ் மிஷன் ஒன்றை நடத்தி வந்தது. அதற்குத் தோட்டத் துரைமாரின் ஆதரவும் இருந்தது. 1907இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பெயரளவில் பேசியது. நடைமுறையில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், பிள்ளைகள் கொழுந்து எடுக்கும் வயது வரை. டிரினிட்டியின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா இனமும் ஒன்றாக அமர்ந்தது என்று சொல்லும்போது, லயத்துப் பிள்ளை அந்தக் கூடத்துக்குள் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். கட்டணம் கட்டக்கூடியவர்களின் ஒற்றுமை அது. 1948இல் அந்த லயத்து மக்களின் குடியுரிமையைப் பறித்தவர்களிலும், அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர்களிலும் இப்படிப்பட்ட நல்ல பாடசாலைகளில் படித்தவர்கள் நிறையப் பேர். தமிழர்களும் அதில் அடக்கம்.

பிரேசர் கண்டியில் விட்டுச்சென்ற மிகப் பெரிய அடையாளம் கல்லூரியின் சிற்றாலயம். ஆங்கிலேய மாதிரிக் கூம்புக் கோபுரம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எல்.ஜே. காஸ்டர் பாதிரியார் கண்டிய அரசவை மண்டபத்தின் பாணியில் வரைந்தார். சுவர்களற்ற திறந்த மண்டபம், செதுக்கிய கருங்கல் தூண்கள். 1920களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. அர்ப்பணிக்கப்பட்டது 1935இல், பிரேசர் போய்ப் பதினொரு ஆண்டுகளின் பின்னர். உள்ளே சுவரோவியங்களை வரைந்தவர் டேவிட் பெயின்டர், பிரேசர் காலத்து மாணவர். ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். அவருடைய கிறிஸ்து ஐரோப்பியர் அல்லர். முகமும் உடலும் நிலமும் இந்தப் பக்கத்தவை.

சிற்றாலயத்தின் அழகை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு தமிழ் வாசகருக்கு அங்கே சின்னதாக ஒன்று இடறும். உள்ளூர் என்றால் கண்டியம் என்று அந்தக் கட்டடம் சொல்கிறது. 1920களில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் அப்படி நினைத்தது இயல்பே. பிறகு வந்த ஆட்சியாளர்கள் நாடு முழுவதற்கும் அதையே சொல்லத் தொடங்கியபோதுதான் அது வேறு பொருள் கொண்டது. பெயின்டரின் ஓவியங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. அந்த முகங்களைப் பார்த்து இனம் சொல்ல முடியாது.

1924இல் பிரேசர் புறப்பட்டார். மேற்கு ஆபிரிக்காவில், அன்று தங்கக் கரை என்றும் இன்று கானா என்றும் அழைக்கப்படும் நாட்டில், ஆளுநர் கொர்டன் குகிஸ்பேர்க் ஒரு பெரிய கல்விக்கூடம் கட்டத் திட்டமிட்டிருந்தார். அதற்கு முதலாவது அதிபர் தேவைப்பட்டார். ஓல்டத்தின் செல்வாக்கும் அதற்கு உதவியது. அக்ரா நகருக்கு வெளியே அந்தக் கல்லூரிக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் பெயர் அச்சிமோட்டா. அடிமை வியாபாரத்துக்குத் தப்பி ஓடியவர்கள் ஒளிந்திருந்த காடு என்றும், அங்கே யாருடைய பெயரையும் உரக்கச் சொல்லக்கூடாது என்பதால் அந்தப் பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். பெயர் சொல்லப்படாதவர்களின் காட்டில் ஒரு பாடசாலை எழுந்தது.

அங்கே அவருக்குத் துணையாக நின்றவர் குவெகிர் அக்ரி. தங்கக் கரையில் பிறந்து அமெரிக்காவில் படித்த அறிஞர். கறுப்புக் கட்டைகளும் வெள்ளைக் கட்டைகளும் சேர்ந்தால்தான் பியானோவில் இசை வரும் என்ற அவருடைய உவமை கல்லூரியின் சின்னமாகவே மாறியது. கறுப்பரை உயர் பதவிக்கு எடுக்க காலனி நிர்வாகம் தயங்கிய காலம் அது. அக்ரியை எடுக்க வேண்டும் என்று பிரேசர் உறுதியாக நின்றார். 1927இல் கல்லூரி முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அக்ரி நியூயோர்க்கில் திடீரென்று இறந்துபோனார்.

கண்டியில் செய்ததை பிரேசர் அச்சிமோட்டாவில் பெரிய அளவில் செய்தார். உள்ளூர் மொழிகள் பாடமாகின. பல இனக்குழுக்களின் பிள்ளைகள் ஒரே விடுதிக் குடும்பமானார்கள். ஒன்று கண்டியைவிட முன்னேறியது: அங்கே பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆபிரிக்கப் பறையும் நடனமும் வளவுக்குள் வந்தன. எஃப்ரேம் அமு என்ற இசை ஆசிரியரின் கதை இதற்கு நல்ல உதாரணம். வேறொரு மிஷன் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். ஆபிரிக்க உடை உடுத்துப் பிரசங்க மேடை ஏறியதால் சபையாரின் கோபத்துக்கு ஆளாகி, 1933இல் வேலையை இழந்தார். அவரை எடுத்துக்கொண்டது அச்சிமோட்டா. இன்று கானாவின் நவீன இசையின் தந்தையாக அவர் மதிக்கப்படுகிறார்.

அச்சிமோட்டாவில் 1930இல் படிப்பை முடித்த ஆசிரியப் பயிலுனர் ஒருவர் குவாமே நிக்ரூமா. பேரரசை நம்பிய அதிபரின் கல்லூரி, பேரரசை அனுப்பிவைத்த தலைவரை உருவாக்கியது. 1957இல் நிக்ரூமாவின் தலைமையில் கானா சுதந்திரம் பெற்றது. டிரினிட்டியிலும் பின்னாட்களில் பலவிதமானவர்கள் உருவானார்கள். வெளிவிவகார அமைச்சராக இருந்து 2005இல் சுட்டுக் கொல்லப்பட்ட லக்ஷ்மன் கதிர்காமர் நாற்பதுகளில் அங்கே மாணவர். அவருடைய அரசியல் குறித்து எங்கள் மத்தியில் ஒரே கருத்து இல்லை. ஒரு பாடசாலை தன் பிள்ளைகளுக்கு அடித்தளம் போடலாம். மேலே என்ன கட்டுவார்கள் என்பது அதன் கையில் இல்லை.

பிரேசருக்கு ஒரே இடத்தில் உட்காரத் தெரியாது. 1935இல் அச்சிமோட்டாவை விட்டார். 1937இல் ஸ்கொட்லாந்தில் நியூபாட்டில் ஏபி என்ற பழைய மாளிகையில் தொழிலாளருக்கான வதிவிடக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் முதலாவது தலைவரானார். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஓராண்டு தங்கிப் படிக்கும் இடம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் இராணுவம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. கல்லூரி மூடப்பட்டது. பாடசாலையை இராணுவம் எடுப்பது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அது ஒரு தகவல். அப்போது அவருக்கு அறுபத்தாறு, அறுபத்தேழு வயது. ஓய்வெடுக்கப் போகவில்லை. கடலைக் கடந்து ஜமெய்க்காவுக்குப் போய், ஹைகேட் என்ற இடத்தில் இருந்த கல்லூரியில் கிராமத்து இளைஞர்களுக்குப் படிப்பிக்கும் வேலையை 1943 வரை செய்தார்.

அவர் தொடங்கிவைத்த பாதையில் வேறொருவரும் நடந்தார். ரொபேர்ட் ஸ்டொப்ஃபோர்ட் 1935இல் டிரினிட்டியின் அதிபரானார். நாற்பதுகளின் முதற்பாதியில் அச்சிமோட்டாவின் அதிபர். பிறகு லண்டன் பேராயர். கண்டிக்கும் அக்ராவுக்கும் இடையில் ஆசிரியர்கள் மாறிப்போவது ஒரு காலத்தில் அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது.

பிரேசர் இறந்தது 1962 ஜனவரியில், எண்பத்தெட்டு வயதில். அதே மாதம் இலங்கையில் இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலரின் சதிப்புரட்சி முயற்சி பிடிபட்டது. பெரும்பாலும் ஆங்கிலம் படித்த கிறிஸ்தவர்கள்; சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் கலந்த குழு. ஒருவகையில் பழைய விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசை அது. அதற்கு முந்திய ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழர்கள் மொழிக்காக சத்தியாக்கிரகம் இருந்து, இராணுவத்தால் அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றுவிட்டிருந்தது. டிரினிட்டி அரச உதவியை விட்டுத் தனியார் பாடசாலையாக நின்றது. இன்று அங்கே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிமூலங்களிலும் வகுப்புகள் உண்டு. கட்டணமும் உண்டு.

அவர் முதலில் கற்பித்த உகண்டாவும் கடைசியாகப் போன ஜமெய்க்காவும் அவர் இறந்த அதே ஆண்டில் சில மாத இடைவெளியில் சுதந்திரம் பெற்றன. அச்சிமோட்டாவில் அவருடன் வேலை செய்த டபிள்யூ.இ.எஃப். வார்ட் 1965இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். நூலின் தலைப்பில் இரண்டு பாடசாலைகளின் பெயர் மட்டும் இருக்கிறது. முதலாவது டிரினிட்டி, இரண்டாவது அச்சிமோட்டா.